கால்டன்றீட்டில் நின்றவர்

இன்று காலை ஏழாம் இலக்க நகரப் பேருந்தில் எதிர்ப்பட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தவரேதான். பெயர் மகேந்திரராஜா. வயது ஐம்பத்தெட்டு. ஊர் ஜெர்மனியில் எர்லன்புறூக், எர்லாங்கனிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம், சரியான ரயிலில் ஏறினால். ஆனால் இவையெல்லாம் கடவுச்சீட்டுக்குத் தேவையான விவரங்கள். அவர் எந்த இனம் என்பதுதான் நமக்கு வேண்டும். அவர் 'அங்கே நின்றவர்' இனம்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உலகத்தில் எது நடந்தாலும் அங்கே ஒருவர் நின்றிருப்பார். நடந்த அன்று பத்துப் பேர்தான் நின்றிருப்பார்கள். ஆண்டு போகப் போக அந்தப் பத்து நூறாகி, நூறு ஆயிரமாகும். பெர்லின் மதில் உடைந்த இரவு கையில் சுத்தியலோடு நின்றதாகச் சொல்பவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால், இன்னொரு மதில் கட்டிவிடலாம்.

ஆனால் இந்த இனம் செழித்து வளர்வது பெரிய சம்பவங்களில் அல்ல. பெரிய சம்பவத்துக்குத் தொலைக்காட்சி இருக்கிறது, படம் இருக்கிறது, புளுகினால் பிடித்துவிடுவார்கள். நாலாம் பிரிவு ஐஸ் ஹொக்கிதான் இதற்கு உகந்த தட்பவெப்பம். யாரும் படம் எடுக்காத ஆட்டங்கள், யாரும் எழுதிவைக்காத கோல்கள், அரைவாசிப் பேர் பியர் வாங்கப் போயிருந்த நேரத்தில் நடந்த அற்புதங்கள். வேறென்ன வேண்டும்?

எர்லன்புறூக் அணிக்கு நீர்நாய்கள் என்று பெயர். தீயணைப்புப் படைக்காரர் சிலர் உறைந்துபோன ஒரு குளத்தில் 1956இல் தொடங்கிய கழகம் இது. முதல் ஆட்டத்தன்று வெயில் அடித்து ஐஸ் உருகிவிட்டது. ஆக, கழகத்தின் முதல் எதிரி சூரியன், முதல் தோல்வியும் அவரிடம்தான். அதன் பிறகு கழகம் மூன்று தடவை கலைக்கப்பட்டு, மூன்று தடவை புதுப் பெயரில் பதியப்பட்டது. ஒவ்வொரு தடவையும் ஆட்கள் அதே, ஐஸ் அதே, பிடிபடாமல் வலைக்குள் போகும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டும் அதே. பெயர் மாறினால் பிறவிக்குணம் மாறுமா?

இந்த எழுபது வருடத்தில் பெருமைப்பட ஒரே ஒரு மாலை இருக்கிறது. 1992 மார்ச் ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை, எட்டு மணி ஆட்டம். நீர்நாய்கள் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் கால்டன்றீட்டுக்குப் போய், அந்த ஊர்க்காரரின் நாலாயிரம் சனத்துக்கு முன்னால் நாலுக்கு நாலு சமநிலையில் நின்று, யார் முதலில் அடித்தாலும் வெற்றி என்ற மேலதிக நேரத்தில் ஐந்தாவதை அடித்து மூன்றாம் பிரிவுக்கு ஏறினார்கள். அங்கே ஒரு குளிர்காலம் இருந்தார்கள். முப்பத்தெட்டு ஆட்டத்தில் முப்பத்துமூன்று தோற்றுவிட்டு இறங்கிவந்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் குளிர்காலத்தில் அங்கே நின்றவர் என்று எர்லன்புறூக்கில் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் ஏதோ தடிமன் காய்ச்சலாம்.

கால்டன்றீட்டுக்கு அன்று ரசிகர்களாகப் போனது ஒரு பஸ். நாற்பத்தொரு பேர். அதோடு தாங்களாகவே போன இரண்டு மூன்று பேர். மகேந்திரராஜா அந்த இரண்டு மூன்றில் ஒருவர்.

முப்பத்துநாலு வருடமாக அவருக்கு அந்த ஆட்டத்தைச் சொல்வதுதான் தொழில். பேருந்து ஓட்டுவது பக்க வருமானம். சாரதியோடு பேசக் கூடாது என்று அவருடைய தலைக்கு மேலேயே பலகை தொங்குகிறது. பயணிகள் பேசுவதில்லை. பலகை சாரதிக்கு ஒன்றும் சொல்லவில்லையே. சந்தைச் சதுக்கத்தில் ஏறிய ஒரு கிழவி ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்குவதற்குள் முதல் இரண்டு கோலைக் கேட்டுவிடுவார். மிச்சத்தைக் கேட்க வேண்டுமென்றால் திரும்பும்போதும் அதே பேருந்தில் வரவேண்டும். எத்தனை பேர் இதனாலேயே சைக்கிள் வாங்கினார்கள் என்று நகரசபையிடம் புள்ளிவிவரம் இல்லை.

ஸ்டேடியத்தில் அவருக்கென்று ஒரு சீமெந்துப் படி. அங்கே புதிதாக யார் வந்து நின்றாலும் அவருடைய முதல் கேள்வி பெயரல்ல, ஊரல்ல, வருடம். சென்ற மார்கழியில் அப்படி வந்து மாட்டியவன் வருண். கரூர்க்காரன், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஏதோ ஒளிக்கதிர் ஆராய்ச்சி செய்கிறவன், யாரோ இலவச டிக்கெட் கொடுத்தார்கள் என்று வந்தவன்.

"எந்த வருசத்திலை இருந்து பாக்கிறீர்?"

"இன்னைக்குத்தான் சார் ஃபர்ஸ்ட் மேட்ச்."

"சார் எல்லாம் வேண்டாம். அண்ணை எண்டு சொல்லும்."

"சரிங்கண்ணை. நாலு ஒண்ணு, நாமதான் லீடிங். செம இல்ல?"

"இதெல்லாம் ஒரு விளையாட்டோ தம்பி. நீர் கால்டன்றீட்டிலை நிண்டிருக்கோணும்."

"எப்ப அது?"

"தொண்ணூற்றிரண்டு."

"நான் அப்ப பொறக்கவே இல்லைங்களே."

"அது உம்மடை பிழை."

இதுதான் இந்த இனத்தின் முதல் அடையாளம். கண் முன்னால் தன் அணி வென்றுகொண்டிருந்தால் அவருக்குப் பிடிக்காது. இன்றைய வெற்றி அன்றைய வெற்றிக்குப் போட்டி. எட்டுக்கு ஒன்று என்று வென்றால், எதிரணி சரியில்லை என்பார். தோற்றால்தான் முகம் மலரும். தோல்வியில் ஒரு வசதி உண்டு: 'அப்பத்தையான் ஆக்கள்' என்று அந்தக் காலத்து வீரர்களைப் பற்றித் தொடங்கலாம்.

வருணுக்கும் தொடங்கினார். பக்கத்தில் அவருடைய மனைவி மகாதேவி, பொரித்த ரோல்ஸ் பலகார டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் கதை வந்தாலே தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிடும் பழக்கத்தோடு.

"கூரை எண்டு பேருக்குத்தான், தகரம். அவங்கள் ஒண்டு அடிச்சா நாலாயிரம் சனமும் கத்தும், இடி விழுந்த மாதிரி. எங்கடை ஆக்கள் அடிச்சா நாப்பத்தொரு பேரின்ரை சத்தம், தூரத்திலை ஆரோ வாளியைத் தட்டின மாதிரி. இடி, வாளி, இடி, இடி, வாளி. எண்ணிக்கொண்டே இருந்தனான். நாலுக்கு நாலு. பிறகு ஒரு அமைதி தம்பி. ஊசி விழுந்தாக் கேக்கும். அதுக்குள்ளை இருந்து அந்த வாளிச் சத்தம். சின்னச் சத்தம். அது இன்னும் என்ரை காதுக்குள்ளை நிக்குது."

"செம. லாஸ்ட் கோல் யாரு அடிச்சா?"

"ஆர் அடிச்சா என்ன. நீர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கோணும்."

"தம்பி, ரோல்ஸ் எடும்," என்றார் மகாதேவி. "இது முடிய நேரம் செல்லும். முப்பத்துநாலு வருசமா ஆரோ கோல் அடிக்கிறாங்கள், களைக்கிறது நான்."

மகாதேவி ஜெர்மனிக்கு வந்தது 1997இல். விமான நிலையத்திலிருந்து காரில் அழைத்துவந்தபோது மகேந்திரராஜா அவருக்கு முதலில் காட்டியது தாங்கள் குடியிருக்கப்போகும் வீட்டையல்ல, நெடுஞ்சாலையில் கால்டன்றீட்டுக்குத் திரும்பும் பலகையைத்தான். இப்போது புரிகிறதா தொப்பி ஏன் காதுவரை வந்தது என்று?

மாசி மாதத்தில் கழகம் ஒரு கடிதம் அனுப்பியது. அதில்தான் வினை. எழுபதாம் ஆண்டு விழா ஆட்டத்தன்று, 1992இல் கால்டன்றீட் ஸ்டேடியத்துக்குள் நின்ற ரசிகர்கள் எல்லோரும் ஐஸ் மேல் அழைக்கப்படுவார்கள். அவர்களில் ஒருவர் முதல் வட்டை இரண்டு அணித் தலைவர்களுக்கும் நடுவில் போட்டு ஆட்டத்தைத் தொடக்கி வைப்பார். விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கவும்.

மகேந்திரராஜா அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். யோசித்துப் பாருங்கள். இந்த மனிதர் இருபத்திரண்டு வயதில் அகதியாக வந்து, ஸ்டேடியத்துக்குப் பக்கத்து விடுதியில் ஆறு பேர் படுக்கும் அறையில் கிடந்து, படியில் விழுந்த பனியை வழித்தால் உள்ளே விடுவார்கள் என்பதற்காக வழித்து, வழித்த கையோடு அப்படியே அணியின் பைத்தியமானவர். பேருந்தில் எத்தனையோ பேர் அவருடைய கதையைக் கேட்டிருக்கிறார்கள். நம்பியவர்கள் எத்தனை பேர் என்று அவருக்கு நிச்சயமில்லை. ஒரு கறுப்பர் அந்தக் காலத்தில் கால்டன்றீட்டில் என்ன செய்தார் என்று சிலர் கண்ணாலேயே கேட்டிருக்கிறார்கள். ஐஸ் நடுவில் ஒரு தடவை நின்றுவிட்டால் போதும். பிறகு ஒருவரும் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

விண்ணப்பித்தவர்கள் நூற்றெண்பத்தேழு பேர்.

ஒரு பஸ்ஸில் நூற்றெண்பத்தேழு பேர் எப்படிப் போனார்கள் என்று கழகச் செயலாளர் ஹூப்னர் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. பதினாறு வருடமாகக் கழக வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர். 1992க்கு வந்து அங்கேயே நிற்பவர். அந்த ஐந்தாவது கோல் எத்தனை மணிக்கு விழுந்தது என்பதில் ஆளுக்கொரு சாட்சி. நடுவரின் தாள் தொலைந்துவிட்டது. பஸ் பட்டியல், கழகம் இரண்டாவது தடவை கலைந்தபோது போன இடம் தெரியவில்லை. ஆகவே இரண்டாவது கடிதம் வந்தது: சான்று வேண்டும்.

எர்லன்புறூக் அதுவரை பார்த்திராத மும்முரம். பரண்கள் இறங்கின, நிலவறைகள் ஏறின. ஒருவர் கால்டன்றீட் பெயர் பொறித்த பியர்க் குவளை கொண்டுவந்தார். அடியில் 2004 என்று இருந்தது. ஒருவர் அன்றைக்கு உடைந்த பல் என்று வாயைத் திறந்து காட்டினார். ஒரு தம்பதி ஒருவருக்கொருவர் சாட்சி என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் முதன்முதலாகச் சந்தித்ததே 1995இல்தான் என்று அம்மா நினைவூட்டியபோது, கணவர் மனைவியைப் பார்த்து, அப்படியானால் அன்றைக்குக் கூட வந்தது யார் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அந்த வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை தொடங்கவில்லை.

மகேந்திரராஜா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் ஜெர்மன்காரர் டிக்கெட்டை எறிவார்கள். நம் ஆட்கள் கடதாசி எறிவார்களா? தஞ்ச மனுக் கொடுத்த நாளிலிருந்து, முத்திரை குத்திய ஒரு துண்டு வந்தாலும் துளை போட்டு ஓர்ட்னர் என்ற தடித்த கோப்புக்குள் கோர்த்து, முதுகில் வருடம் எழுதி, அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கிவைப்பார்கள். எந்த அலுவலகம் எந்த வருடத்தில் எதைக் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? நாடு மாறலாம், குடியுரிமை கிடைக்கலாம், பிள்ளை பிறந்து அதற்கும் பிள்ளை பிறக்கலாம். 1991ஆம் ஆண்டு பல் வைத்தியர் நேரம் குறித்துக் கொடுத்த டெர்மீன் துண்டு அங்கேயே இருக்கும். வாசிப்பார்களா என்று கேட்காதீர்கள். வாசிப்பதற்கா வைத்திருக்கிறோம்? வைத்திருப்பதற்காக வைத்திருக்கிறோம்.

மகேந்திரராஜாவின் 1992 ஓர்ட்னரில் கால்டன்றீட் பொலிசின் கடதாசி ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தஞ்சம் கேட்டவர்கள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும். ஐஸ் ஹொக்கி பார்க்க அனுமதி தாருங்கள் என்று எந்த அதிகாரியிடம் போய் நிற்பது? அவர் கேட்கவில்லை. ரயில் ஏறினார், போனார், பிடிபட்டார். ஆட்டம் முடிந்து திரும்பும்போது பிடிபட்டதாகத்தான் அவர் எப்போதும் சொல்வார். அதனாலென்ன? இடம் கால்டன்றீட், திகதி மார்ச் ஆறு, கீழே வட்ட முத்திரை. ஜெர்மனியில் இதைவிட வேறு சத்தியம் உண்டா?

சனிக்கிழமை காலை ஓர்ட்னரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கழக அலுவலகத்துக்குப் போனார். பார்வையாளர் படிகளுக்குக் கீழே, ஈரக் கையுறை மணக்கும் ஒரு அறை. சாட்சிக்கு வருணையும் இழுத்துப்போனார். அவன் கையில் அப்போதுதான் கிடைத்த ஜெர்மன் மொழிச் சான்றிதழ். அதைப் படம் எடுத்து, கரூரில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

ஹூப்னர் அம்மா கடதாசியை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி வாசித்தார்.

"இதை நீங்கள் எப்போதாவது வாசித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"முத்திரை இருக்கிறதே," என்றார் மகேந்திரராஜா, நல்ல ஜெர்மனில்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் ஓர்ட்னரால் கெட்டார். அம்மா கடதாசியை வருணிடம் நீட்டினார். புதுச் சான்றிதழ்க்காரன் அல்லவா, சொல் சொல்லாக, ஒரு வினைச்சொல் விடாமல் சத்தமாக மொழிபெயர்த்தான்.

"ஆறாம் தேதி... பத்தொன்பது மணி இருபது நிமிஷம்... கால்டன்றீட் ரயில்வே ஸ்டேஷன், ரெண்டாவது பிளாட்ஃபார்ம். அனுமதி இல்லாம மாவட்டத்தைத் தாண்டினதால... போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்தோம். இருபத்துமூணு மணி அஞ்சு நிமிஷத்துக்கு... விடுதியில கொண்டுபோய் விட்டோம்." நிமிர்ந்தான். "அண்ணை, மேட்ச் எட்டு மணிக்குன்னுதானே சொன்னீங்க?"

மகேந்திரராஜா ஓர்ட்னரை மூடினார். வருண் ஆராய்ச்சியாளன், ஏழு இருபதிலிருந்து பதினொன்று ஐந்து வரை என்றால் என்னவென்று அவனுக்குக் கணக்கு வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம் என்று அவன் முகம் சொன்னது.

சுவரில் இருந்த குழாய் சொட்டியது. வருண் போய் அதை இறுக்கினான்.

"அது... பொலிஸ் நிலையம் ஸ்டேடியத்துக்குப் பின்பக்கம்," என்றார் மகேந்திரராஜா கடைசியில். எந்த மொழியில் சொல்கிறோம் என்ற நினைவில்லாமல் தமிழிலேயே சொன்னார். "அந்தப் பொலிஸ் மனுசன் சிகரெட் குடிக்கிறதுக்காக யன்னலைத் திறந்து விட்டிருந்தவர். எல்லாம் கேட்டது. ஒண்டும் தவறேல்ல. உள்ளை நிண்டவைக்குக் கூட அவ்வளவு வடிவாக் கேட்டிருக்காது." வருண் அதை ஹூப்னர் அம்மாவுக்கு ஜெர்மனில் சொன்னான்.

அவர் புளுகினாரா? நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். முதல் சில வருடம் பிடிபட்டதையே அவர் யாருக்கும் சொல்லவில்லை, வெட்கம். பிறகு சொல்லத் தொடங்கியபோது, பிடிபட்டது ஏழு இருபதிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து பதினொரு மணிக்குப் போயிருந்தது. யார் நகர்த்தியது என்று அவருக்கே தெரியாது. தள்ளிவிட்டவர் அவர்தான், ஆனால் தூக்கத்தில் தள்ளினார்.

"இன்னும் ஒரு லைன் இருக்கு," என்றான் வருண். கடதாசியைத் திருப்பி, ஜெர்மனில் ஒரு தடவை சத்தமாக வாசித்துவிட்டுத் தமிழுக்கு வந்தான். "குறிப்பு. இருபத்திரண்டு மணி முப்பத்தொரு நிமிஷம். மேற்படி நபர்... எந்த வெளிப்படையான காரணமும் இல்லாம... நாற்காலியை விட்டு எந்திரிச்சு, பலமா கத்தி, கைதட்டினார். எச்சரிக்கப்பட்டார்."

ஹூப்னர் அம்மா எழுந்துவிட்டார். "எத்தனை மணி?"

"இருபத்திரண்டு முப்பத்தொன்று."

பதினாறு வருடமாக அவர் தேடிய கோல் அங்கே இருந்தது. எதிரூர்ப் பொலிஸ்காரன் ஒருவன் அது கோல் என்று தெரியாமலேயே நிமிடத்தோடு எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறான். அம்மா கடதாசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மகேந்திரராஜாவுக்கும் ஒரு நம்பிக்கை வந்தது.

"ஆனாலும் விதி விதிதான்," என்றார் அம்மா. "ஸ்டேடியத்துக்குள் நின்றவர்கள் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் வெளியே நின்றீர்கள்."

"நிற்கவில்லை," என்றார் மகேந்திரராஜா. "கதிரை தந்தார்கள்."

அன்றைக்குப் பிறகு ஏழாம் இலக்கப் பேருந்து வாய்மூடி ஓடியது. கதவு திறக்கும், மூடும், நிறுத்தத்தின் பெயரை இயந்திரம் சொல்லும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் பயணிகள் சிலர் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து, சாரதிக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்கள். ஆஸ்பத்திரி நிறுத்தத்துக் கிழவி, தனக்கு இன்னும் மூன்று கோல் பாக்கி இருக்கிறது என்று முறைப்பாடு செய்தார். இரண்டு ஆட்டத்துக்கு அந்தச் சீமெந்துப் படி வெறுமையாகக் கிடந்தது. நீர்நாய்கள் இரண்டிலும் வென்றார்கள். இடித்துச் சொல்ல ஆளில்லாத வெற்றி என்பதால் யாருக்கும் ருசிக்கவில்லை.

பிறகு கழக நிர்வாகக் குழு கூடியது. நூற்றெண்பத்தேழு விண்ணப்பத்தில் சான்றோடு வந்தது ஒன்று. அந்த ஒன்றும் விண்ணப்பித்தவர் அங்கே இல்லை என்பதற்கான சான்று. மூன்று கூட்டம் நடந்தது. மூன்றாவது கூட்ட முடிவில் ஹூப்னர் அம்மா மகேந்திரராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஐஸ் மேல் வேறு யாரையும் அழைப்பதாக இல்லை. வட்டை அவர் போடலாம். ஆனால் கழக வரலாறு சரியாக இருக்க வேண்டும் என்பதால், அதற்கு முன் அந்தப் பொலிஸ் கடதாசியை ஒலிபெருக்கியில் முழுவதும் வாசிப்பார்கள். சம்மதமா?

அதாவது, கனவு கண்ட இடத்தில் நிற்கலாம். நிற்பதற்குமுன், முப்பத்துநாலு வருடமாகச் சொன்னது உண்மையல்ல என்று ஊர் முழுக்கக் கேட்கும்.

"நான் போகேல்ல," என்றார் மகேந்திரராஜா. "என்னாலை ஏலாது. நாளைக்கு இதே சனத்தைத்தானே பஸ்ஸிலை ஏத்தோணும்."

மகாதேவி ரோல்ஸுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எனக்கு இது புதுசே? நீங்கள் உள்ளை நிக்கேல்ல எண்டு எனக்கு எப்பவோ தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"இருபத்தொம்பது வருசமாச் சொல்லுறியள், ஒரு நாளாவது ஆர் என்ன நிறத்திலை உடுப்புப் போட்டவங்கள் எண்டு சொன்னனீங்களோ? கோல் அடிச்சவன் நெட்டையோ கட்டையோ? இடியும் வாளியும்தானே. கண்ணாலை பாத்தவன் அப்பிடிச் சொல்லான்."

"பின்னை ஏன் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்ல?"

"பாவம் எண்டுதான்." மாவைத் திருப்பிப் போட்டு அறைந்தார். "இஞ்சருங்கோ. உள்ளை நிண்டவைக்கு அது ஒரு விளையாட்டு. நீங்கள் பொலிசுக்கு முன்னாலை இருந்து எழும்பிக் கைதட்டின ஆள். நான் எண்டா அதைத்தான் முதல் நாளே ஊருக்குச் சொல்லியிருப்பன். போங்கோ. அந்த நீலக் கோட்டைப் போடுங்கோ, வயிறு தெரியாது."

போனார். விழா நாளன்று ஸ்டேடியத்தில் ஆயிரத்து நூறு பேர். எர்லன்புறூக்கின் கணக்கில் அது மனிதக் கடல். அறிவிப்பாளர் கடதாசியை ஒரு சொல் விடாமல் வாசித்தார். ஏழு இருபது என்றபோது ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐஸ் ஓரக் கதவில் நின்ற மகேந்திரராஜா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'எந்த வெளிப்படையான காரணமும் இன்றி' என்ற இடத்துக்கு அறிவிப்பாளர் வந்தார். அவர் நேரத்தைச் சொன்னார், கதிரையைச் சொன்னார், 'எச்சரிக்கப்பட்டார்' என்று முடிக்கும்போது அவருடைய குரல் யாருக்கும் கேட்கவில்லை. ஆயிரத்து நூறு பேரும் எழுந்து, பலமாகக் கத்தி, கைதட்டினார்கள். சிரிக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினோம். ஆனாலும் அந்த இடத்தைத் தாண்டும்போது நாமும் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

நீர்நாய்களின் தலைவன் அவருடைய கையைப் பிடித்து நடுவுக்கு அழைத்துப்போனான். முப்பத்துநாலு வருடம் ஐஸ் ஹொக்கி பேசியவர், ஐஸில் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. வட்டைப் போட்டார். நீர்நாய்கள் இரண்டுக்கு ஏழு என்று தோற்றார்கள். வரலாற்றுக்கு ஒரு குந்தகமும் வரவில்லை.

இத்தோடு இந்த இனம் எர்லன்புறூக்கில் அழிந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஒரு மாதம்தான் ஆகிறது. ஊரில் இப்போது கால்டன்றீட் ஸ்டேடியத்துக்குள் நின்றேன் என்று சொல்பவர் ஒருவருமில்லை, அது நாட்டுப்புறத்தனம். எல்லோரும் வெளியே நின்றவர்கள். பல் உடைந்தவர், பல் உடைந்ததே பொலிஸ் நிலைய வாசற்படியில்தான் என்கிறார். பியர்க் குவளைக்காரர், உள்ளே இருந்த தமிழருக்கு யன்னலால் கோப்பி நீட்டியதே தான்தான் என்கிறார். அந்த நிலையத்தில் இருந்தது ஒரு மேசை, இரண்டு கதிரை. போன வாரக் கணக்குப்படி அந்த இரண்டு கதிரையில் அறுபத்துமூன்று பேர் இருந்திருக்கிறார்கள்.

மகேந்திரராஜா திருந்தினாரா? கேட்கிற கேள்வியைப் பாருங்கள். இன்று காலை டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கிற இடைவெளியில் அவர் தொடங்கிய வசனம் இது: "நான் அண்டைக்கு அங்கை நிக்கேல்ல." என்ன கம்பீரம் அந்த 'நிக்கேல்ல'யில். நின்றேன் என்று சொன்ன காலத்தில்கூட அவருக்கு இவ்வளவு நெஞ்சு நிமிரவில்லை. "மற்றாக்கள் எல்லாரும் சும்மா சொல்லுவினம், நிக்கேல்ல எண்டு. என்னட்டைக் கடதாசி இருக்கு." சந்தைச் சதுக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை முதல் இடி மட்டும்தான் வந்தது. சைக்கிள் கடையில் மறுபடி கூட்டம்.

வருணை விட்டுவிட்டோமே. விழா நாளன்று அவன் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு கருத்தரங்கில் இருந்தான். எல்லாவற்றையும் மகாதேவி அனுப்பிய ஒரு நிமிட வீடியோவில்தான் பார்த்தான், அதிலும் பாதி அவருடைய கட்டைவிரல். நேற்று தன் ஆய்வுக்கூடத்தில் அவன் சொல்லிக்கொண்டிருந்தது: "அண்ணை அந்த வட்டைப் போட்டப்போ நான் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துலேயே நின்னேன். ஸ்டேடியமே அதிருச்சு, நீங்க இருந்திருக்கணும்."

ஆகவே இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். முடிந்தால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எர்லன்புறூக்குக்கு நேரில் வாருங்கள். எட்டு மணிக்கு ஆட்டம், ரயில் நிலையத்திலிருந்து ஏழாம் இலக்கம், ரோல்ஸ் சூடாக இருக்கும். வர முடியாவிட்டாலும் கவலையில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் ஏதோ ஒரு சாப்பாட்டு மேசையில் பேச்சு இந்தப் பக்கம் திரும்பும், உங்கள் வாய் தானாகத் திறந்து, "நான் அன்றைக்கு அங்கே..." என்று தொடங்கும். தொடங்கினால் நிறுத்த முடியாது. எத்தனையாவது வரிசை என்பதை மட்டும் இப்போதே முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொன்றாக மாற்றிச் சொன்னால்தான் பிடிபடுவீர்கள்.